அரைக்காசு விரதம்

"திருக்கோகர்ணத்துக்கு வெறுங்கையோடு போகலாம், வெறும் வயிற்றோடு திரும்ப முடியாது."

இது எங்கள் குடும்பத்தில் வழங்கும் பழமொழி. காரணம், அங்கே என் அத்தை இருக்கிறாள். கோயிலிலிருந்து பத்து நிமிஷ நடையில் வீடு. வாசற்படி ஏறும்போதே அடைக்கல்லில் எண்ணெய் சுழலும் ஓசை காதில் விழும். "வா, வா! கை கால் அலம்பிண்டு வா!" என்பாளே தவிர, "சௌக்கியமா?" என்று கேட்கமாட்டாள். சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தே சௌக்கியத்தைத் தெரிந்துகொள்வாள்.

சாப்பாட்டுப் பிரியை என்று அத்தையைச் சொன்னால் போதாது. சாப்பாடு அவளுக்கு ஒரு சங்கீதம். ரசத்தில் பெருங்காயம் ஒரு மாத்திரை தூக்கலாக இருந்தால் முகம் சுளிப்பாள். வற்றக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளமா, பொரித்த அப்பளமா என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத அபிப்பிராயம் உண்டு. இப்படிப்பட்ட அத்தைக்கு ஒரு நாள் டாக்டர் சொன்னார்: "அம்மா, நீங்கள் எடையைக் குறைக்க வேண்டும்."

அன்று அத்தைக்கு வயது 58; எடை 76 கிலோ; உயரம் ஐந்து அடி ஒரு அங்குலம். இரத்தத்தில் சர்க்கரை வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முழங்கால்களோ யோசிக்கவே இல்லை. அவை பகிரங்கமாக வலித்துக்கொண்டிருந்தன.

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேருக்கு இந்த உபதேசம் கிடைத்திருக்கிறது? கை தூக்கச் சொன்னால் நானும் தூக்க வேண்டியிருக்கும். எனவே, அத்தையின் கதையை உங்களுக்குச் சொல்லுகிறேன். இது "முப்பது நாளில் முப்பது கிலோ" என்ற ரகத்துக் கதை அல்ல. மெதுவாக நடந்த கதை. மெதுவாக நடந்ததால்தான் எழுதத் தோன்றிற்று.

*

திருக்கோகர்ணம் கோயில் அம்மனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரகதாம்பாள் என்பது திருநாமம். புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களுக்குக் குலதெய்வம் போன்றவள். மன்னர்கள் தங்களை "பிரகதாம்பாள் தாசர்" என்றே சொல்லிக்கொண்டார்கள். அவள் திருவுருவம் பொறித்து அவர்கள் வெளியிட்ட செப்புக் காசுதான் அம்மன் காசு. நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் தானம் கொடுப்பது சமஸ்தானத்து வழக்கம். அந்தக் காசின் பெயராலேயே அம்மனுக்கு "அரைக்காசு அம்மன்" என்று ஜனங்கள் செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏதாவது பொருள் காணாமற் போனால், ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து வைத்து அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்வார்கள். சாவிக்கொத்து, மூக்குத்தித் திருகு, ரேஷன் கார்டு எதுவானாலும் சரி, கிடைத்துவிட்டால் அந்த வெல்லத்தை நைவேத்தியம் செய்வார்கள். சென்னைவாசிகளுக்காக வண்டலூருக்குப் பக்கத்தில் இரத்தினமங்கலத்திலும் அவளுக்கு ஒரு கோயில் உண்டு.

டாக்டரிடமிருந்து வந்த அன்று மாலை அத்தை என்ன செய்தாள் தெரியுமா? ஒரு துண்டு வெல்லத்தை மஞ்சள் துணியில் முடிந்து, "தாயே! இருபது கிலோ தொலைய வேண்டும்" என்று வேண்டிக்கொண்டு பூஜை அலமாரியில் வைத்தாள்.

இதைக் கேட்ட என் அத்திம்பேர், "ஏண்டி, அவள் தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவள் ஆயிற்றே! நீ தொலைத்தாலும் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடப் போகிறாள்!" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அப்படியேதான் நடந்தது.

*

தை முதல் தேதி அத்தை விரதம் ஆரம்பித்தாள். சாதம் இல்லை. எண்ணெய் இல்லை. தித்திப்பு இல்லை. காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மத்தியானம் வேகவைத்த காய், இரவில் மோர். வீட்டாருக்கு மட்டும் வழக்கம்போல் சமைத்துப் போட்டாள். இருபத்திரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்று கிலோ குறைந்தது.

இருபத்துமூன்றாம் நாள் காரைக்குடியில் ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணம். இலையில் ஒரு துண்டு மைசூர்ப்பாகு விழுந்தது. அத்தை சாப்பிட்டாள். "சரி, விரதம்தான் கெட்டுப் போச்சே" என்று இரண்டாவது துண்டும் சாப்பிட்டாள். "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று பாயசம். மறுநாள், "நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்." மாசி முடிவதற்குள், தொலைந்த மூன்று கிலோ நாலு கிலோவாகத் திரும்பி வந்தது. எடை என்பது வீட்டை விட்டு ஓடிப்போகிற பிள்ளை மாதிரி. திரும்பி வரும்போது ஒரு சிநேகிதனையும் கையோடு அழைத்துக்கொண்டு வரும்.

அத்தை அழுதாள். "எனக்கு வைராக்கியம் இல்லைடி. நாக்கு முழம் நீளம்" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. நாலு குழந்தைகளை வளர்த்து, மாமியாரைப் பத்து வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கா வைராக்கியம் இல்லை? ஊருக்குத் திரும்பியதும் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததில் மூன்று சமாசாரங்களை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலாவது. இரண்டாம் உலக யுத்தம் முடிகிற தறுவாயில், 1944-45இல், அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸல் கீஸ் என்ற நிபுணர் ஒரு பரிசோதனை நடத்தினார். திடகாத்திரமான 36 வாலிபர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள், ஆறு மாதம் அரை வயிற்று உணவில் இருந்தார்கள். என்ன ஆயிற்று? எப்போதும் சாப்பாட்டு நினைவு, கனவிலும் சாப்பாடு. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள். பரிசோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்தபோதோ, எவ்வளவு உண்டும் பசி தீராமல் தவித்தவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் நாக்கு முழம் நீளமா? இல்லை. பட்டினி போட்டால் உடம்பு பயந்துவிடுகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து, பசியை அதிகமாக்கி, செலவைக் குறைத்துக்கொள்கிறது. நம் முன்னோர்கள் எத்தனையோ பஞ்சங்களைத் தாண்டி வந்தது உடம்பின் இந்தச் சாமர்த்தியத்தினால்தான். அதைக் கோபித்துக்கொள்ள முடியுமா?

இரண்டாவது, அந்த மைசூர்ப்பாகு. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பெண்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால், எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகமாகவே சாப்பிட்டார்கள்! "கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன?" என்பதுதான் காரணம். காரைக்குடிப் பந்தியில் அத்தைக்கு நடந்தது இதுவேதான். அவளைக் கவிழ்த்தது முதல் துண்டு அல்ல. "விரதம் கெட்டுப் போச்சு" என்ற எண்ணம். பால் பாத்திரத்தில் ஒரு கரண்டி கொட்டிவிட்டது என்பதற்காக மீதிப் பாலையும் யாராவது சாக்கடையில் ஊற்றுவார்களா?

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இது நம் சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் எல்லையில் நின்றிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான யோசனைகளோடு விடப்பட்டவர்களில், மூன்று வருஷத்தில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினம் நடை, சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த சாப்பாடு, நார்ச்சத்து என்று பழக்கத்தைத் திருத்திக்கொண்டவர்களிலோ 39 பேருக்குத்தான் வந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், சொல்லிக்கொள்ளும்படியாக எடை குறையாமலே இந்த நன்மை கிடைத்தது! எடை இயந்திரத்து முள் அசையாமல் இருந்தபோதும், உடம்புக்குள்ளே நல்ல காரியம் நடந்துகொண்டிருந்தது.

ஆகவே சகோதரிகளே, முள் நகரவில்லை என்று மனம் உடைந்து நடையை நிறுத்துகிறவர்கள், பலன் வந்துகொண்டிருக்கும்போதே கடையை மூடுகிறவர்கள்.

*

அடுத்த தடவை திருக்கோகர்ணம் போனபோது, அத்தையை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பாறையைக் குடைந்த கர்ப்பக்கிருகம், அதில் கோகர்ணேசுவரர். கோகர்ணம் என்றால் பசுவின் காது. சாபத்தினால் பூமிக்கு வந்த காமதேனு, தன் காதுகளில் கங்கை ஜலத்தைக் கொண்டுவந்து இங்கே அபிஷேகம் செய்ததாக ஸ்தல புராணம் சொல்லுகிறது.

நமஸ்காரம் பண்ணிவிட்டு எல்லோரும் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்தோம். அத்தை மட்டும் தூணில் சாய்ந்து நின்றாள். "உட்காருங்க அத்தை" என்றேன்.

"உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதுடி. மூன்று வருஷமாச்சு நான் இந்தத் தரையில் உட்கார்ந்து. நவராத்திரியில் எல்லாரும் உட்கார்ந்து பாடுவார்கள், நான் தூணோடு தூணாக நிற்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அம்மன் சந்நிதிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. "அத்தை, இருபது கிலோவை விட்டுவிடுங்கள். வருகிற நவராத்திரிக்கு அடுத்த நவராத்திரியில் இந்தத் தரையில் உட்கார்ந்து பாட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!"

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது நடக்குமா?" என்றாள். இருபது கிலோ என்று வேண்டிக்கொண்ட அன்று இல்லாத ஒரு வெளிச்சம் அந்தக் கேள்வியில் இருந்தது.

நடக்காமல் என்ன? ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைந்தால் இருபது கிலோ பாரம்! அத்தையின் பிரார்த்தனை முழங்கால் கணக்கில் நிறைவேறிவிடும். தவிர, எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு குறைந்தாலே தேகத்துக்குப் பெரிய நன்மை. 2002இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், ஏழு பங்கு குறைப்பதைக் குறியாக வைத்து, வாரத்துக்கு 150 நிமிஷம் நடையும் சேர்த்துக்கொண்டவர்களிடையே, புதிதாக நீரிழிவு வருவது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. 76 கிலோவில் ஏழு பங்கு என்றால் ஐந்து கிலோ சொச்சம்தான்.

*

அன்று இரவு அத்தையின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கணக்குப் போட்டோம். இலையில் அவள் சாப்பிட்டது அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நடந்ததுதான் இரகசியம்.

"அந்த இரண்டு தோசை மாவு மீந்துபோச்சு, வார்த்துச் சாப்பிட்டேன்."

"பேரன் அரைத் தட்டு நெய்ச் சாதத்தை வைத்துவிட்டுப் போனான், வீணாகுமே என்று..."

"உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு பிடி இருந்தது, அதற்கு ஒரு கிண்ணியா என்று வாயில் போட்டுக்கொண்டேன்."

சகோதரிகளே, இது அத்தை வீட்டுக் கதை மட்டும்தானா? நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பெண். பாத்திரத்தின் அடியில் இருப்பதை வழித்துச் சாப்பிடுவது சிக்கனம் என்று நமக்குப் பாட்டி காலத்திலிருந்து பழக்கம். மீந்ததைக் கொட்ட மனம் வருவதில்லை, அன்னத்தை மதிக்கிறோம். நல்லதுதான். ஆனால் வேண்டாத சோறு வயிற்றுக்குள் போனாலும் வீண்தான். குப்பைத் தொட்டியில் போனால் அதோடு போயிற்று. நம் வயிற்றில் போனால் முழங்காலுக்கும் மாத்திரைக்கும் வேறு செலவு வைக்கிறது.

"ஆக, நான் என் வயிற்றைக் குப்பைத் தொட்டியாக அல்லவா வைத்திருக்கிறேன்!" என்றாள் அத்தை. அவளுக்கு இதில் கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபம் நல்ல கோபம். ருசி தெரிந்தவள் அல்லவா? ஆறிப்போன, பிசைந்து வைத்த மிச்சத்தை ரசித்தா சாப்பிட்டாள்? இல்லையே!

மறுநாள் முதல் அரிசியை அரை ஆழாக்குக் குறைத்துப் போட்டாள். மீந்தால் மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். பேரனுக்கு முதலில் கொஞ்சம், கேட்டால் மறுபடியும்.

*

அத்தையிடம் பூஜைப் பெட்டியில் ஒரு பழைய அம்மன் காசு இருக்கிறது. அவள் பாட்டி கொடுத்தது. எவ்வளவு சிறியது தெரியுமா? இருபது அம்மன் காசு சேர்ந்தால்தான் ஓர் அணா. முந்நூற்றிருபது சேர்ந்தால் ஒரு ரூபாய். அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னாள்: "பசு காதிலே தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் பண்ணித்தாம். குடத்திலே கொண்டுவந்தால்தான் ஆச்சு என்று அது உட்கார்ந்திருக்கவில்லை. நானும் அரைக்காசு, அரைக்காசாகச் சேர்க்கிறேன்."

ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகள். தினம் நாலு காரியம். செய்த காரியத்துக்கு ஒரு கொட்டை பாட்டிலில் விழும். கோயிலுக்கு ஆட்டோவில் போகாமல் நடந்து போய், பிராகாரத்தையும் சுற்றிவிட்டு நடந்தே வந்தால் ஒரு கொட்டை. மிச்சத்தைச் சாப்பிடாமல் விட்டால் ஒன்று. காப்பிக்குப் பாதிச் சர்க்கரை என்றால் ஒன்று. சாதத்தைவிடக் காய் அதிகமாக இலையில் இருந்தால் ஒன்று.

"காப்பிச் சர்க்கரையில் என்ன பெரிய மிச்சம்?" என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வேளைக் காப்பி. வேளைக்கு இரண்டு ஸ்பூன். ஆறு ஸ்பூன் என்றால் 30 கிராம். கிராமுக்கு நாலு காலரி. ஆக 120 காலரி. ஒரு நாளைக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. காப்பியிலேயே அந்த எல்லை தாண்டிவிடுகிறது! பாதியாக்கினால் தினம் 60 காலரி மிச்சம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22,000. அதேபோல் தாளிக்கிற எண்ணெயில் ஒரு சின்ன ஸ்பூன் குறைந்தால் 45 காலரி. அம்மன் காசுதான்; ஆனால் சேருகிற காசு.

நாக்கு சண்டை போடவில்லையா? போட்டது, இரண்டு வாரம். பிறகு அத்தைக்குப் பழைய காப்பி பாயசம் மாதிரி இருந்ததாம்.

பாட்டிலில் எடைக்கு ஒரு கொட்டையும் கிடையாது. இது முக்கியம். எடை நம் கையில் இல்லை. நடை நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதற்கு மட்டும்தான் கொட்டை. எடையைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பார்த்து, காலண்டரில் எழுதிவிட்டு, அதை மறந்துவிட வேண்டியது. ஒரு நாள் பாட்டிலில் கொட்டை விழாவிட்டால்? மறுநாள் விழும். ஏற்கனவே விழுந்த கொட்டைகள் வெளியே குதித்து ஓடிவிடுவதில்லை. இருபத்திரண்டு நாள் விரதம் மைசூர்ப்பாகில் கெட்டது. புளியங்கொட்டை விரதமோ கெடவே முடியாத விரதம்.

*

"ருசித்துச் சாப்பிடுகிறவர்கள் இதெல்லாம் செய்ய முடியுமா?" என்றால், அவர்களால்தான் முடியும் என்று நான் சொல்லுவேன்.

எந்தப் பண்டமும் முதல் நாலு வாயில்தான் தேவாமிர்தம். ஐந்தாவது, ஆறாவது வாயில் ருசி குறைந்துகொண்டே போகிறது. இதை 1980களில் பார்பரா ரோல்ஸ் என்ற அம்மணி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கல்யாணப் பந்தியில் இதைப் பார்க்கலாம். "ஐயோ, போதும், மூச்சு முட்டுகிறது" என்று சாதத்துக்குக் கையை மறிக்கிறோம். அடுத்த நிமிஷம் பாயச வாளியைக் கண்டால் வயிற்றில் இடம் உண்டாகிவிடுகிறது! வயிறு நிறையவில்லை, அந்த ருசி சலித்தது, அவ்வளவுதான். ஆகவே ருசி தெரிந்தவள் என்ன செய்ய வேண்டும்? சலித்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு ராகத்தை எங்கே முடிப்பது என்று தெரிவதும் வித்வத்துதானே?

அத்தை எதையும் விலக்கவில்லை. மைசூர்ப்பாகு வந்தால் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து, கையில் போனோ எதிரில் டெலிவிஷனோ இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். "முன்னே நாலு துண்டு தின்றபோது இந்த நெய் வாசனை எனக்குத் தெரிஞ்சதே இல்லைடி" என்பாள். அடை உண்டு, வெண்ணெயும் உண்டு. ஆனால் மூன்றாவது அடை இல்லை. அந்த இடத்தில் அவியல்.

வள்ளுவர் பெருந்தகையும் "மருந்து" என்று அதிகாரம் வைத்துவிட்டு, பத்துக் குறளில் ஆறை உணவைப் பற்றித்தான் பாடியிருக்கிறார். சாப்பிடாதே என்று அவர் சொல்லவில்லை. பசித்து, அளவறிந்து, உடம்புக்கு ஒத்ததைச் சாப்பிடு என்கிறார்.

*

இது ஏதோ ஓர் அத்தையின் முழங்கால் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ் நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். அதற்கு முந்திய கணக்கெடுப்பில் 31. இந்தியா முழுவதற்கும் 24தான்! நமக்குக் கொழுப்பு வயிற்றில் சேருகிற சுபாவம் வேறு. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவர்களுக்கும் தொந்தி இருக்கும். ஆகையால் எடை இயந்திரத்தைவிடத் தையல்காரரின் அங்குல நாடா நல்ல சிநேகிதன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருப்பது உத்தமம். ஆண்களுக்கு 90. (வீட்டுக்காரரையும் அளந்து பாருங்கள், கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.)

இப்போது பசியை அடக்கும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. 2025இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. அவை சிலருக்கு மிகவும் வேண்டியவைதான். வேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு மாமி அல்ல. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒன்று மட்டும் இந்த மருந்துகளால் தெளிவாயிற்று: பசி என்பது ஒழுக்கக் குறைவு அல்ல, உடம்பின் ரசாயனம். எனவே, பருமனாக இருக்கும் பெண்ணைப் பார்த்துக் கேலி பேசுகிறவர்கள் தங்கள் அறியாமையைத்தான் காட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், தைராய்டுக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

*

சென்ற நவராத்திரிக்குத் திருக்கோகர்ணம் போயிருந்தேன். அத்தை பாட்டில் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில் நாலு முறை நிறைந்து, நாலு முறை கொட்டிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. எடை 71 கிலோ. விரதம் கெட்டதும் ஏறிய அந்த உபரி ஒரு கிலோவையும் சேர்த்தால் ஆறு கிலோ குறைவு. நடுவில் மூன்று மாதம் முள் அசையவே இல்லை, தீபாவளிக்கு ஒரு கிலோ ஏறிற்று, இறங்கிற்று. பழைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்திருந்தாள். சர்க்கரை வாசற்படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு விட்டதாக டாக்டர் சொன்னாராம்.

டாக்டர் கணக்கில் இன்னும் குறைய வேண்டியது நிறைய இருக்கிறது. அத்தைக்கு அது தெரியும். "இருக்கட்டும், பாட்டில் இருக்கு; புளியும் வாங்கிண்டுதானே இருக்கேன்" என்கிறாள்.

சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போனோம். மண்டபத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை தூண் அருகே போய் நின்றாள். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக, ஒரு முழங்காலை மடித்து, பிறகு அடுத்ததை மடித்து, கல் தரையில் உட்கார்ந்தாள். சம்மணம் முழுசாக வரவில்லை. ஒரு கால் கொஞ்சம் நீண்டுதான் இருந்தது. அதனால் என்ன? உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்த மாமி நகர்ந்து இடம் கொடுத்தாள். அத்தை பாட ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், மஞ்சள் துணியில் முடிந்திருந்த வெல்லத்தை எடுத்து அம்மன் படத்துக்கு முன் நைவேத்தியம் செய்தாள்.

"ஏண்டி, இருபது கிலோதான் இன்னும் தொலையவில்லையே!" என்றார் அத்திம்பேர்.

"நான் தொலைத்தது தரையில் உட்காருகிறதை. அதை அவள் தேடிக் கொடுத்துவிட்டாளே!" என்றாள் அத்தை.

எல்லோருக்கும் வெல்லம் கிள்ளிக் கொடுத்தாள். தனக்கும் சுண்டுவிரல் நுனியளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

நேயர்களே, நீங்கள் தொலைத்தது எது? மாடிப்படியா, கோலம் போடக் குனிவதா, பேரக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதா? அதை முதலில் யோசித்துப் பாருங்கள். கிலோக் கணக்கு அப்புறம் இருக்கட்டும். இன்றைக்குப் புளி கரைக்கும்போது கொட்டையை மட்டும் எறிந்துவிடாதீர்கள்!